தரைப்பாலத்தில் இறங்கிய லாரி

சங்ககிரியில் லாரி நிற்காத தெருவைத் தேடினால் கால்வலிதான் மிஞ்சும். அந்த ஊரில் பாவாயி என்றொருத்தி, புருஷன் போனபின் அவன் விட்டுப்போன லாரி கம்பெனியை ஒற்றை ஆளாய் நின்று நடத்திவந்தாள்.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. வண்டி செட்டில், அதாவது கம்பெனிக் கொட்டகையில், நிற்கிறவரை முதலாளி பேச்சு. ரோட்டில் ஏறிவிட்டால் டிரைவர் பேச்சு. மழையோ மலைப்பாதையோ, போகலாமா நிற்கலாமா என்பதைக் கண்ணால் பார்க்கிறவன் முடிவு செய்யட்டும் என்று அவள் புருஷன் போட்டுவைத்த ஏற்பாடு. பாவாயி அதை ஒருநாளும் மீறியதில்லை. போனில் டிரைவர்களை விரட்டப் பார்த்த மகன் தனபாலைப் பலமுறை அதட்டி அடக்கியிருக்கிறாள்.

வினை எப்படி வந்தது, கேளுங்கள். ஓடைக்கு அக்கரையில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் காளியண்ணன் பழைய வாடிக்கைக்காரர். தீவனம் தீரப்போகிறது, லாரி வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டிருந்தார். மகராசன் தனபால், கையில் வண்டியே இல்லாமல், "அனுப்பிட்டோமுங்க" என்று வாய்கூசாமல் சொல்லிவைத்தான். வெளியூர் போன வண்டி திரும்பி, தீவனம் ஏற்றிக் கிளம்புவதற்குள் மழை முந்திக்கொண்டது.

வண்டியை எடுத்துப்போனவன் மாரப்பன், பாவாயியின் கூடப்பிறந்த தம்பி. கூடப் போன கிளீனர் கந்தப்பன், பேரன் எடுத்த மனுஷன்.

மத்தியானம் மாரப்பன் போன் செய்தான். "அக்கா, தரைப்பாலத்து மேல தண்ணி போகுது. சுத்துவழியில மரம் விழுந்து அடைச்சுக் கெடக்குதாம்."

"தண்ணி எவ்வளவுடா?"

"ஓரத்துக் கல்லு ஒண்ணும் தெரியலக்கா."

அதற்குள் மேஜைமேல் இன்னொரு போன் அடித்தது. காளியண்ணன்தான்.

"ஏனுங்க அம்மிணி, தொட்டியெல்லாம் காலிங்க. பசி தாங்காம கோழிக ஒண்ணையொண்ணு கொத்த ஆரம்பிச்சிருச்சுங்க. உங்க பையன் சொன்னதை நம்பித்தானுங்க வேற எங்கயும் கேக்கல."

அவர் ஏசியிருந்தால் தேவலை. அழுகிற குரலில் அல்லவா பேசினார்! பாவாயிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தப்பு முழுக்கத் தன் வீட்டுத் தப்பு.

பக்கத்தில் நின்ற தனபால், மாரப்பன் லைனில் இருந்த போனை அம்மாவின் கையிலிருந்து பிடுங்கினான். "மாமா, லோடு வண்டி கனமா நிக்கும், தண்ணி தள்ளாது. மெதுவா விட்டுப் பாருங்க. நிறுத்துனீங்கன்னா நம்ம பேரே போயிரும்."

பாவாயி அதைத் திரும்பப் பிடுங்கினாள். "டேய் மாரா, வேண்டாம்டா! கோழி செத்தா அவரு கால்ல நான் விழுந்துக்கறேன். நீ நில்லு!"

ரோட்டில் இருக்கும் டிரைவருக்கு அவள் இட்ட முதல் கட்டளை அது.

"ரோட்டுல டிரைவர் பேச்சுதானேக்கா? நீதானே எல்லாருக்கும் சொல்லுவே. நான் பாத்துக்கறேன்."

போன் வைக்கப்படவில்லை. கதவு திறந்து அறைந்து சாத்தும் சத்தம் கேட்டது. இஞ்சின் உறுமியது. பிறகு பேசியது கந்தப்பன்.

"அம்மிணி, வண்டி தண்ணியில இறங்கிருச்சுங்க."

"அய்யோ! சொல்லு, விடாம சொல்லு!"

"முன் சக்கரம் முங்கிருச்சுங்க... பாதி போயாச்சுங்க... ஐயையோ, பின்பக்கம் இழுக்குதுங்க அம்மிணி! நின்னுபோச்சுங்க!"

பாவாயி நாற்காலியை விட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். முனியப்பசாமீ, என் தம்பியை எங்கிட்டக் கொடுத்துரு என்று வாய்விட்டுக் கதறினாள்.

"நகருதுங்க... நகருதுங்க! ஏறிருச்சுங்க அம்மிணி! அக்கரை ஏறிருச்சுங்க!"

கோழிகள் பிழைத்தன. காளியண்ணன் போன் செய்து, "உங்க தம்பி எங்க குலசாமிங்க" என்று தழுதழுத்தார். மறுநாள் தண்ணீர் வடிந்ததும் மாரப்பன் பாலத்தைத் திரும்பக் கடந்து, இக்கரையில் காத்திருந்த கந்தப்பனை ஏற்றிக்கொண்டு செட்டுக்கு வந்தான். தனபால் ரோஜாமாலை வாங்கி வைத்திருந்தான். பாவாயி மாலையைத் திரும்பியும் பார்க்கவில்லை. தம்பிமுன் கையை நீட்டினாள்.

"சாவியைக் குடு."

"என்னக்கா இது? கோழி பொழச்சுது, வண்டி பொழச்சுது, நானும் வந்துட்டேன். நம்ம வழக்கப்படிதானே செஞ்சேன்?"

"இனி என் வண்டியை நீ தொடாதே."

மாரப்பன் கண் கலங்கச் சாவியைக் கொடுத்தான். ஊர் இரண்டாகப் பிரிந்து வாதாடியது. நல்லது செய்தவனுக்கு இதுவா கூலி என்றார்கள் சிலர். தம்பியே ஆனாலும் முதலாளி பேச்சை மீறலாமா என்றார்கள் மற்றவர்கள்.

நீங்கள் சொல்லுங்கள், பார்ப்போம். கம்பெனி வழக்கப்படி தானே முடிவெடுத்து, வாடிக்கைக்காரரைக் காப்பாற்றிய மாரப்பன் செய்தது சரியா? அவனிடமிருந்து சாவியைப் பறித்த பாவாயி செய்தது சரியா?

விடை: பாவாயி செய்ததே சரி. அக்கா பேச்சைத் தட்டியதற்காக அவள் சாவியை வாங்கவில்லை. ரோட்டில் கட்டளையிட அவளுக்கு உரிமை இல்லை, அது அவளுக்கும் தெரியும். வண்டி செட்டுக்குள் வந்தபின் சாவியைக் கேட்க உரிமை உண்டு. டிரைவர் பேச்சே பேச்சு என்றால், அந்த டிரைவர் என்ன முடிவு செய்தான் என்று பார்க்கவேண்டும். மாரப்பன் போனைக் கந்தப்பன் கையில் கொடுத்து, அவரைக் கரையில் இறக்கிவிட்டுத்தான் தண்ணீரில் இறங்கினான். இந்த வண்டிக்குள் ஒரு உயிர் இருக்கக்கூடாது என்று அவன் கண்ணே தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதற்குமேல் வண்டியைத் தண்ணீரில் விடவைத்தது தனபாலின் பேச்சு, டிரைவரின் முடிவல்ல. இது விளங்காமல் அன்று சாயங்காலம் நியாயம் கேட்கவந்த தம்பியிடம் பாவாயி ஒன்றுதான் கேட்டாள்: "கந்தப்பனை எதுக்குடா இறக்கிவிட்டே?"

"அந்த மனுஷனுக்குப் பேரன் இருக்கறான்க்கா."

"உனக்கு நான் இல்லியாடா?" என்றாள்.