சாம்பலின் ஒற்றை நகம்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால் நடந்த கதை இது. அப்போது பூனைகளுக்குப் பேச்சு வரும். மனிதர்கள்தான் காது கொடுத்துக் கேட்க மாட்டார்கள். அந்த ஒரு விஷயத்தில் அன்றைக்கும் இன்றைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆம்பல்பட்டினம் என்கிற நாட்டைக் குலமணி ராஜா ஆண்டு வந்தான். அவன் மனைவி ஒரு ஆண் குழந்தையைப் பெற்றுப் போட்ட கையோடு கண்ணை மூடிவிட்டாள். அவளுடைய கல்யாணக் கூறைப்பட்டில்தான் அந்தக் குழந்தைக்குத் தொட்டில் கட்டியிருந்தார்கள். பகலெல்லாம் ராஜா அந்தப் பட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான். பாவம், அவளுடைய ஞாபகமாக அவனிடம் மிஞ்சியது அது ஒன்றுதான்.

ராஜாவின் மூத்த பிள்ளை மருதவல்லி. அவள் செல்லமாக வளர்த்த பூனை சாம்பல். அது காலையில் எழுந்ததும் முதுகை வில்லாக வளைக்கும், முன்கால்களை நீட்டும், எதிரில் எது இருந்தாலும் பரக் பரக்கென்று கீறும். ஒருநாள் எதிரில் இருந்தது கூறைப்பட்டு.

கிழிசலைப் பார்த்ததும் ராஜாவுக்கு ரத்தம் கொதித்தது. "இந்தப் பூனைக்கு இனி நகமே இருக்கக் கூடாது!" என்று கத்தினான்.

மருதவல்லி ஓடி வந்தாள். "அப்பா, கோபப்படாதீர்கள். ஒரு கட்டையில் தேங்காய்நார்க் கயிறு சுற்றி இங்கே நட்டு வைப்போம். பட்டைவிட அதுதான் அதற்குப் பிடிக்கும்."

"அரசியின் தொட்டிலுக்குப் பக்கத்தில் நார்க்கட்டையா? மாட்டேன்!"

"அது கட்டையைக் கீறும்போதெல்லாம் ஒரு துண்டு மீன் போட்டால் பழகிவிடும், அப்பா."

"அரசியின் தொட்டிலுக்குப் பக்கத்தில் மீன் நாற்றமா? மாட்டேன்!"

"நகத்தின் நுனியை மட்டுமாவது நானே அவ்வப்போது வெட்டிவிடுகிறேனே!"

"அரசியின் தொட்டிலுக்குப் பக்கத்தில் அந்தப் பூனையை நகத்தோடு விட மாட்டேன்!"

மூன்று வழி சொன்னாள் பெண். மூன்றுக்கும் மாட்டேன் என்றான் தகப்பன்.

மறுநாளே ஒரு மந்திரவாதி அரண்மனைக்கு வந்தான். பெயர் கண்டகோபன். எந்நேரமும் வாயைத் துணியால் மூடியிருப்பான். யார் முன்னாலும் ஒரு வாய் சோறு தின்ன மாட்டான்.

"மன்னா, வெறும் நகத்தை வெட்டினால் மறுபடி முளைக்கும். நான் வேரோடு எடுப்பேன். கூடவே விரலின் நுனிக் கணுவும் வந்துவிடும்," என்றான்.

"வலிக்குமா?"

"வெற்றிலைக்கு நுனி கிள்ளுவது போலத்தான். எனக்குக் கூலி வேண்டாம். இளவரசனுக்குப் புலிநகச் சங்கிலி போடுவது உங்கள் வழக்கம் அல்லவா? இந்த நகங்களையே பொன்னில் கோத்துத் தருகிறேன். புலிக்கும் பூனைக்கும் ஒரே குலம். குழந்தைக்கு அதைவிடக் காவல் உண்டா?"

கழுத்தில் தொங்கும் நகம் காக்குமாம்! காலில் இருந்த நகம் காக்காதாம்! ராஜா அதையும் நம்பினான். கிழிந்த பட்டைத் தவிர அவன் கண்ணுக்கு வேறெதுவும் தெரியவில்லை.

கதவைச் சாத்திக்கொண்டு அந்த வேலையைச் செய்தான் கண்டகோபன். சாம்பல் போட்ட சத்தம் கோட்டை வாசல் வரைக்கும் கேட்டது. வெளியே மருதவல்லி கதவைத் தட்டித் தட்டிக் கை வீங்கி நின்றாள். முன்கால் இரண்டிலும் விரலுக்கு ஒன்றாகப் பத்து நகம் போயிற்று. பத்துக் கணுவும் போயிற்று.

அதன்பிறகு சாம்பல் பழைய சாம்பலாக இல்லை. தரையில் காலை ஊன்ற முடியாமல் தத்தித் தத்தி நடந்தது. மணல்தட்டில் கால் வைத்தால் குத்தியது, அதனால் மூலைகளில் அசிங்கம் செய்தது. தொடப் போனவர்களைக் கடித்தது. "இப்போது கடிக்கவும் கற்றுக்கொண்டதா?" என்று ராஜா அதையே திட்டினான்.

மருதவல்லி அதை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். "நகம்தான் போய்விட்டதே, இன்னும் என்ன வலி உனக்கு?"

"நகம் மட்டுமா போனது? விரலும் போனது, மருதவல்லி," என்றது சாம்பல். "உன் தம்பியைப் பார். சங்கிலி போட்டதிலிருந்து அவன் அழுதானா?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆமாம், குழந்தை அழவே இல்லை. பசித்தாலும் அழவில்லை, தொட்டில் நனைந்தாலும் அழவில்லை. எவ்வளவு சமர்த்து என்று எல்லோரும் மெச்சிக்கொண்டிருந்தார்கள். அவள் ராஜாவை இழுத்துக்கொண்டு தொட்டில் அறைக்கு ஓடினாள். சாம்பலும் பின்னால் தத்திக்கொண்டே வந்தது.

உள்ளே கண்டகோபனின் வேட்டியும் வாய்த்துணியும் தரையில் கிடந்தன. தொட்டிலுக்குள் கன்றுக்குட்டி அளவு பெருச்சாளி ஒன்று உட்கார்ந்திருந்தது. குழந்தையின் சுண்டுவிரல் அதன் பற்களுக்கு நடுவில் இருந்தது.

ராஜா வாளை வீசினான். வெறும் புகையை வெட்டியது போல வாள் ஊடே போய் வந்தது.

பெருச்சாளி சிரித்தது. "பூனை நகத்தைத் தவிர எதுவும் என்னைத் தொடாது. தொட்டிலைத் தொட்டாயோ, பிள்ளையின் கழுத்தைக் கடித்துவிடுவேன். இந்தப் பத்து விரலையும் தின்றால் நான் என்றைக்கும் மனிதன்!"

சாம்பல் பாய்ந்தது. பிடிக்க நகமில்லை, பட்டில் வழுக்கி விழுந்தது. மறுபடி பாய்ந்தது, மறுபடி விழுந்தது. மூன்றாம் முறை விழுந்தபோது எழுந்திருக்க முடியவில்லை.

கெட்டவர்களுக்கு வாய் சும்மா இருக்காது. "பிடுங்கச் சொன்னவன் தன் விரல் கணுவைத் தானே வெட்டிப் போட்டால், கணுவுக்கு ஒரு நகம் திரும்பி வரும். எங்கே, வெற்றிலைக்கு நுனி கிள்ளுவது போலத்தானே? கிள்ளிப் பார்!" என்றது பெருச்சாளி.

ராஜா தன் கையைப் பார்த்தான். குழந்தையின் விரலிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் விழுந்தது. அந்தக் குழந்தை அப்போதும் அழவில்லை.

ராஜா இடது சுண்டுவிரலை நிலைப்படியில் வைத்தான். வாளை இறக்கினான். கோட்டை வாசல் வரைக்கும் கேட்கும்படி அலறினான்.

சங்கிலியில் ஒரு நகம் காணாமல் போயிற்று. சாம்பலின் வலது முன்காலில் ஒரே ஒரு நகம் முளைத்தது. அந்த ஒற்றை நகத்தைக் கூறைப்பட்டில் மாட்டி, கீழிருந்து மேல்வரை பட்டு கிழியக் கிழிய ஏறி, பெருச்சாளியின் தொண்டையில் போட்டது ஒரு போடு. பெருச்சாளி சாம்பலாகக்கூட மிஞ்சவில்லை. சங்கிலி தெறித்து விழுந்தது. குழந்தை வீறிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்டு அப்பனும் மகளும் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

மீதி ஒன்பது நகமும் திரும்பி வரவில்லை. ஒன்பது கணுவையும் வெட்டிக்கொள்கிறேன் என்று ராஜா வாளை எடுத்தபோது, "வேண்டாம், ராஜா. மந்திரம் அவனோடு போயிற்று. உங்கள் விரல்தான் வீணாகும்," என்றது சாம்பல்.

அன்றே தொட்டிலுக்குப் பக்கத்தில் நார்க்கயிறு சுற்றிய பலாக்கட்டையை ராஜா தன் கையாலேயே நட்டான். ஆம்பல்பட்டினத்தில் எந்தப் பூனைக்கும் நகம் பிடுங்கக் கூடாது, நுனி மட்டுமே வெட்டலாம், வீட்டுக்கு வீடு நார்க்கட்டை வைக்க வேண்டும் என்று முரசு அறைந்தார்கள். கட்டையைக் கீறும் பூனைக்கு மீன் துண்டும் கிடைத்தது.

சாம்பல் தினமும் காலையில் முதுகை வளைக்கும், ஒற்றை நகத்தால் கட்டையை மெல்லக் கீறும். அந்தச் சத்தம் கேட்டால் ராஜாவுக்கு இல்லாத கணு வலிக்கும். ஆனாலும் அது கீறி முடிக்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். கூறைப்பட்டின் அந்த நீளக் கிழிசலைத் தைக்க வந்தவர்களை, கடைசி வரைக்கும் அவன் தைக்க விடவே இல்லை.