துரைக்கண்ணு வைத்த ட்ரீட்

ஏரிக்கரைக் காட்டில் மிருகங்களுக்கென்று ஒரு கல்லூரி இருந்தது. துரைக்கண்ணு என்ற குரங்கு அதில் முதலாண்டு சேர்ந்தது. விடுதிக்கு வரும்போதே தோளில் ஒரு மூட்டை கடலை. அந்தக் காட்டில் கடலைதான் காசு.

"மூட்டை செலவுக்கு. இந்தச் சின்ன முடிச்சு தேர்வுக் கட்டணம். இதை மட்டும் தொட்டுடாதே, கண்ணு!" என்று அம்மாக் குரங்கு சொல்லி அனுப்பியிருந்தது. வயலோர நாய்களுக்குப் பயந்து பயந்து பொறுக்கிச் சேர்த்த கடலை அது.

"தொடுவேனா அம்மா!" என்றது துரைக்கண்ணு. பாவம், அன்றைக்கு உண்மையாகத்தான் சொன்னது.

அந்தக் கல்லூரியில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்கு என்ன நல்லது நடந்தாலும் ட்ரீட் வைக்க வேண்டும். பிறந்த நாளா? ட்ரீட்! முயலுக்குப் புதுப் பல் முளைத்ததா? ட்ரீட்! கீரி வகுப்பில் தூங்கி, மாட்டாமல் தப்பித்ததா? அதற்குமா என்று கேட்காதீர்கள். அதற்கும் ட்ரீட்தான்! தின்றவர் சும்மா இருந்தால் மானம் போய்விடும். அடுத்த வாரமே அவரும் ஒன்று வைத்தாக வேண்டும்.

எல்லா ட்ரீட்டும் நடப்பது பெருச்சாளி பொன்னுரங்கத்தின் கேன்டீனில்.

"வாங்க தம்பி, வாங்க! தேன் போளி சூடா இருக்கு. ரெண்டு வாங்கினா ஒண்ணு இலவசம்!"

"எனக்கு ஒண்ணு போதும் அண்ணாச்சி!"

"இலவசத்தை விட்டுட்டுப் போற ஆளை இப்பத்தான் தம்பி பாக்கறேன்!"

துரைக்கண்ணுவுக்கு ரோஷம் வந்துவிடும். ரெண்டு வாங்கி மூன்றைத் தின்னும். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வகுப்புக்கு மட்டம் போடும்.

முள்ளம்பன்றி வேலம்மாவும் கேன்டீனுக்கு வரும், எப்போதாவது ஒரு நாள். தனக்குப் பிடித்தது எதுவோ அதை மட்டும் வாங்கி, மெல்ல ரசித்துத் தின்னும். மற்ற நாளெல்லாம் அவித்த கிழங்குதான்.

"கஞ்சப் பிசினாரி! ட்ரீட் எப்போ?" என்று கீரி சீண்டும்.

"நான் வைக்கறதா இல்ல. வேணும்னா கிழங்கு தின்னு!" கொஞ்சம்கூட வெட்கப்படாமல் சொல்லும் வேலம்மா.

தேர்வு நெருங்கிய நேரம் பார்த்து துரைக்கண்ணுவின் பிறந்த நாள் வந்தது. மூட்டையைத் தலைகீழாக உதறிப் பார்த்தது. வெறும் தூசி! வெளியே கூட்டாளிகள், "ட்ரீட்! ட்ரீட்!" என்று கதவைத் தட்டின.

'கையில ஒண்ணும் இல்லடா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வந்தால்தானே! நேராகப் போய் அம்மா கட்டிய முடிச்சை அவிழ்த்தது. 'இவங்களுக்கு எவ்வளவு செஞ்சிருக்கேன்! நாளைக்குக் கேட்டா தர மாட்டாங்களா?' என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டது.

மறுநாள்தான் கட்டணம் கட்டக் கடைசி நாள். விடிந்ததும் கீரியிடம் ஓடியது.

"மச்சான், கொஞ்சம் கடலை கொடுடா!"

"அடப்பாவி! நானே உன்கிட்ட கேக்கத்தான் கிளம்பினேன்!"

இரண்டும் முயலிடம் ஓடின. முயல் மூக்கைச் சிந்தி அழுதுகொண்டிருந்தது. அதன் கட்டணம் புதுப் பல்லுக்கு வைத்த ட்ரீட்டோடு போயே போய்விட்டது. மூன்றும் மயிலிடம் ஓடின.

"என்கிட்டயா? நானே ஒவ்வொரு இறகா வித்துச் சாப்பிடறேன்!" என்று மயில் திரும்பிக் காட்டியது. அய்யோ, பின்பக்கம் பார்க்கச் சகிக்கவில்லை!

மாறி மாறி விருந்து வைத்து எல்லோருமே மொட்டை. கடலை மொத்தமும் பொன்னுரங்கத்தின் வளைக்குள் இருந்தது. கடைசியாக வேலம்மாவிடமும் ஓடிப் பார்த்தன.

"ஒரு வாரம் முன்னாடி சொல்லியிருக்கக் கூடாதா? என்கிட்ட இருந்ததை நேத்தே கட்டிட்டேனே!" என்று வேலம்மா உண்மையாகவே வருத்தப்பட்டது.

முதல்வர் யானை தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு கத்தியது. "லீவு முடியறதுக்குள்ள கட்டணத்தைக் கட்டிட்டுத் தேர்வு எழுதுங்க. இல்லேன்னா அடுத்த வருஷமும் முதலாண்டுதான்!"

வேலம்மா தேர்வை எழுதிவிட்டு ஊருக்குக் கிளம்பியது. ஊரில் மாம்பழக் காலம். துரைக்கண்ணுவின் அம்மா வழிமேல் விழி வைத்துக் காத்திருந்தது. மகனோ, கேன்டீனில் பாத்திரம் தேய்க்கும் வேலைக்குச் சேர்ந்தது. 'வாங்க தம்பி' எல்லாம் மலையேறிவிட்டது.

"டேய்! அண்டாவில அடிப்பிடிச்சது அப்படியே இருக்கு பார். அழுத்தித் தேய்!" என்று பொன்னுரங்கம் விரட்டியது.

கை தேயத் தேய வேலை செய்து முடித்த அன்று, பெருச்சாளி கூலியை எண்ணிக் கையில் போட்டது. துரைக்கண்ணு கடலையைப் பார்த்தது. ஒவ்வொன்றின் ஓரத்திலும் லேசான பல் தடம். மகனுக்குச் சொத்தைக் கடலை போய்விடக் கூடாதென்று, அம்மா ஒவ்வொன்றாகக் கடித்துப் பார்த்துத்தான் மூட்டை கட்டும்! துரைக்கண்ணுவுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"ஏன்டா அழறே? கூலி குறைச்சலா?"

"இல்ல அண்ணாச்சி. இது எங்க வீட்டுக் கடலை!"

பெருச்சாளி மீசையைத் தடவிச் சிரித்தது. "உங்க வீட்டுக் கடலையா? அப்புறம் எதுக்குடா இதுக்காக என் அண்டாவைத் தேய்ச்சே?"

கையில் இல்லாதபோது 'இல்லை' என்று சொல்ல வெட்கப்படுகிறவர், ஒரு நாள் தன் காசையே அடுத்தவரிடம் கூலியாக வாங்க வேண்டியிருக்கும்.