முப்பத்து நாலாம் மாதத்துக் கவர்

பூங்கொடியின் முன்னால் ஒரு மூட்டைப் பூண்டு கிடக்கிறது. ஊறுகாய்க் கம்பெனியிலிருந்து காலையில் இறக்கிவிட்டுப் போனது. கிலோ கணக்கில் கூலி. பல்லைப் பிரித்து, வாலைக் கிள்ளி, தோலை உரித்துத் தட்டில் போட்டுக்கொண்டே இருக்கிறாள். நகக்கண் எரிகிறது. எத்தனை சோப்புப் போட்டாலும் அந்த வாசம் கையை விட்டுப் போவதில்லை. கை ஓடுகிறது, மனசு மட்டும் போன ஒண்ணாம் தேதியிலேயே நிற்கிறது. நடந்ததைச் சொல்கிறேன், கேட்டுவிட்டு நீங்களே ஒரு முடிவு சொல்லுங்கள்.

அவள் மாமனார் அங்கமுத்து, தனியார் பஸ்ஸில் முப்பத்தாறு வருசம் கண்டக்டராக இருந்தவர். கால் வைக்க இடமில்லாத கூட்டத்திலும் யார் எங்கே ஏறினார், யாருக்கு மீதி எவ்வளவு என்பது அவர் தலைக்குள்ளேயே இருக்கும். கணக்கு ஒப்படைக்கும்போது ஒரு ரூபாய் குறைந்தது கிடையாது. பென்சனும் கிடையாது. வீட்டு சைட் ஒன்றை விற்ற ஐந்து லட்சம் பேங்கில் கிடந்தது, அவ்வளவுதான்.

பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. ஒருநாள் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். மகன் தனபால் டாக்ஸி ஓட்டப் போயிருந்தான். ஆறு மாசக் கர்ப்பிணியாக இருந்த பூங்கொடிதான் அவரைத் தூக்கி உட்கார வைத்தாள். சாயங்காலம் அவளுக்கு ரத்தம் பட்டுவிட்டது. பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, வயிற்றுப் பிள்ளையைக் காப்பாற்றிக்கொண்டு அவள் வீடு வந்தபோது, மாமனார் தன் துணிமணியைப் பையில் எடுத்து வைத்திருந்தார்.

சூலூர் பக்கம் ஓர் இல்லம். குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, தூக்கி உட்கார வைக்க ஆள் உண்டு. மாசம் இருபதாயிரம்.

"எம் பணம் இருக்கற வரைக்கும் அங்க இருக்கேன். தீந்த அன்னிக்கு என்னைக் கூட்டிட்டு வந்துரோணும். எனக்காக நீ கடன் வாங்கக் கூடாது, வீட்டை ஒத்திக்கு விடக் கூடாது" என்று தனபாலிடம் கையடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

இன்னொன்றும் சொன்னார். ஒண்ணாம் தேதி பணத்தைக் கவரில் போட்டுத் தன் கையில்தான் தர வேண்டும். இடது கையால் எண்ணி, அவரேதான் ஆபீசில் கட்டுவார்.

வட்டியோடு சேர்த்து அந்தப் பணம் இருபத்தேழு மாசத்துக்கு வந்தது. முதியோர் பென்சனுக்கு எழுதிப் போடலாமா என்று பார்த்தார்கள், கிடைத்தாலும் மருந்துக்கே காணாது. இருபத்தெட்டாம் மாசம் தனபால் தன் காரின் மேல் கடன் வாங்கினான். குறைந்ததைப் பூங்கொடி பூண்டு உரித்த கூலியில் போட்டாள். பேங்கிலிருந்து வந்த புது ஐந்நூறுகளுக்குப் பதிலாக, கசங்கிய நூறும் ஐம்பதுமாகக் கவர் தடித்துப்போனது. பெரியவர் எண்ணினார். ஒரு நோட்டை மட்டும் மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். பிறகு அதையும் சேர்த்து ஆபீசில் கட்டினார்.

ஆறு மாசம் இப்படியே ஓடியது. உடுமலையிலிருந்து வந்த தனபாலின் தங்கை கலாமணிக்கு விசயம் தெரிந்ததும் பொங்கிவிட்டாள்.

"அப்பா கண்டக்டரா, நீ கண்டக்டராண்ணா? இப்படிப் பொய் டிக்கெட்டாக் கிழிச்சுக் குடுத்துட்டு இருக்கறே! அவருகிட்ட உள்ளதைச் சொல்லு. ஒத்துக்கிட்டாருன்னா வீட்டை ஒத்திக்கு விட்டுட்டு நீங்க வாடகைக்குப் போங்க. இல்லீன்னாக் கூட்டிட்டு வந்துருங்க."

"கூட்டிட்டு வந்தா யாரு தூக்கறது? நீ வந்து தூக்குவியா?" என்றான் தனபால்.

கலாமணி அண்ணியைப் பார்த்தாள். பூங்கொடி குனிந்து மகனின் சட்டைப் பித்தானைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

போன ஒண்ணாம் தேதி தனபாலுக்குச் சவாரி வந்துவிட்டது. முப்பத்து நாலாம் மாதத்துக் கவரைப் பூங்கொடிதான், மகனையும் கூட்டிக்கொண்டு, கொண்டுபோனாள். பெரியவர் எண்ணி முடித்து, கவரை மடிமேல் வைத்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"ஏங் கண்ணு, பேங்குல இன்னும் எத்தனை மாசத்துக்கு இருக்குது?"

அவள் மகனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "இருக்குதுங்க மாமா. இன்னும் ரெண்டு வருசத்துக்கு வருமுங்க."

"ரெண்டு வருசமா?" என்றவர், பேரன் கன்னத்தை இடது கையால் தட்டி, "செரி. அப்ப நான் எறங்கற ஸ்டாப்பு இன்னும் வரலடா" என்று சிரித்தார்.

கூட்டிவந்தால் தூக்க ஆளில்லையென்று சத்தியத்தை மீறிக் கடன் வாங்கினான் மகன். வீடே போனாலும் உள்ளதைச் சொல் என்றாள் மகள். நேருக்கு நேர் கேட்டபோது பொய் சொன்னாள் மருமகள். இதில் யார் செய்தது சரி?

விடை: மூன்று பேரையும் விட்டுவிட்டுப் பெரியவரைப் பாருங்கள். ஐந்து லட்சத்தை இருபதாயிரத்தால் வகுக்கத் தெரியாமலா முப்பத்தாறு வருசம் கண்டக்டராக இருந்தார்? இருபத்தெட்டாம் மாசமே அவருக்குத் தெரியும், நோட்டில் அடித்த வாசம் யார் கையுடையது என்பதும் தெரியும். தீர்ந்த அன்றைக்கு வந்துவிடுவேன் என்ற தன் சொல்லை முதலில் மீறியவர் அவரேதான். தன்னைத் தூக்கி இவளுக்கு மறுபடியும் ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம். அப்படியானால் அன்றைக்கு எதற்குக் கேட்டார்? பணத்தை அறிந்துகொள்ள அல்ல. "தீந்துபோச்சு மாமா, வீட்டுக்கு வந்துருங்க" என்று அவள் வாயால் வருமா என்று ஒரே ஒரு தரம் பார்த்தார். வரவில்லை. அதனால் சரி என்று சொல்ல எனக்கு ஒருவரும் அகப்படவில்லை. பூங்கொடிக்கும் இது பூண்டு உரிக்கும்போதுதான் விளங்கியது. இந்த ஒண்ணாம் தேதி கவரை நீட்டும்போதே, 'உங்களுக்குத் தெரியுமுன்னு எனக்கும் தெரியுமுங்க மாமா' என்று சொல்லிவிட வேண்டும். அதற்கு அவர், 'அப்ப வீட்டுக்கு வந்துரட்டுமா கண்ணு' என்று கேட்டால், அவள்...

"பூங்கொடீ! மூட்டை எடுக்க வண்டி வந்துருச்சு, வா!"