சொல்ல வாயெடுத்த சொல்

கொற்றன் மலைக்குகைக்கு வந்தபோது தலையில் பாகை இல்லை, காலில் செருப்பு இல்லை. ஆனாலும் குரத்தியாருக்கு ஆளைத் தெரிந்தது. கோட்டைத் தலைவனை அறியாதவர் அந்தப் பக்கத்தில் யார்? அவளோ சமணப் பெண்துறவி. அவனைவிடப் பத்து வயதாவது இளையவள்.

“தாயே, என் மனைவி நல்லினி என்னோடு பேசி மூன்று வருஷம் ஆகிறது.”

“நீ பேசுகிறாயா?”

“இல்லை.”

“ஏன்?”

அவன் குகை வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டான். பிறகு சொன்னான். முன்பிருந்த கோட்டைத் தலைவர் காய்ச்சலோடு, தம் படைத்தலைவனான இவன் வீட்டில் வந்து படுத்தார். பிள்ளை இல்லாதவர். நல்லினி நச்சு வேரை அரைத்துக் கொடுத்தாள். மருந்து என்று சொல்லி இவன்தான் புகட்டினான்.

“குடித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். ‘பெற்ற பிள்ளைகூட இப்படிப் பார்க்கமாட்டான்’ என்றார்.”

அதற்குமேல் அவனால் தலைநிமிர முடியவில்லை.

“யோசனை யாருடையது?”

“அவளுடையது.” இந்தப் பதில் மட்டும் உடனே வந்தது.

“அதற்கு முன்னால் வீட்டில் என்ன பேச்சு?”

“‘போர்க்களத்தில் சாவது நான், பட்டம் அவருக்கா?’ என்பேன்.”

“எப்போது?”

“சோற்றில் கைவைக்கும்போதெல்லாம்.”

“எத்தனை நாள்?”

“ஒரு வருஷம் இருக்கும்.” தரையைப் பார்த்தபடியே சொன்னான். “ஆசை என்னுடையதுதான், தாயே. அவள் அதற்கு வழி சொன்னாள், அவ்வளவுதான்.”

“இதை அவளிடம் சொல்லியிருக்கிறாயா?”

“இல்லை.”

“போய்ச் சொல்.”

பத்து நாள் கழித்து மறுபடியும் வந்தான். தாடி வளர்ந்திருந்தது. கால் இரண்டும் வெடித்திருந்தன.

“சொன்னாயா?”

“சொல்ல வாயெடுத்தேன். வாயில் வேறு வந்துவிட்டது.”

“என்ன வந்தது?”

“‘இந்தப் பாவத்தை முதலில் நினைத்தது யார், நல்லினி?’ என்று கேட்டுவிட்டேன்.”

“அவள் என்ன சொன்னாள்?”

“‘நான்தான்’ என்றாள். மூன்று வருஷத்தில் அவள் பேசிய முதல் சொல்.”

“உனக்கு எப்படி இருந்தது?”

கொற்றன் மேல்துண்டின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தான். “இலேசாக இருந்தது.”

“அதை அவள் பார்த்தாளா?”

“என் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.”

“பிறகு?”

“விடிந்ததும் தாலியைக் கழற்றிப் படுக்கையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். வாயில்காவலன் தடுத்தானாம். ‘உங்கள் தலைவர் ஒன்றும் சொல்லமாட்டார்’ என்று சொல்லிவிட்டு நடந்தாளாம். எங்கெல்லாமோ தேடினேன். பிறந்த ஊரிலும் இல்லை. ஆற்றங்கரைச் சத்திரத்திலும் இல்லை.”

குரத்தியார் அவன் முன்னால் தண்ணீர்க் கலயத்தை நகர்த்தி வைத்தாள். அவன் தொடவில்லை.

“எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை, தாயே. நான் அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. பழியைத் தானாகத்தானே ஏற்றுக்கொண்டாள். பிறகு ஏன் போனாள்?”

“கொல்லும்போது இரண்டு பேர் இருந்தீர்கள், கொற்றா. பழியைத் தூக்கும்போது அவள் பக்கத்தில் பார்த்தாள். நீ இல்லை.”