ஓடைக்கு முன்னால் நாற்பது கெஜம்

“முழு வீச்சுன்னா எனக்குக் கவலையே இல்லைங்க மேடம். நூறு கெஜத்துல கொடி இருந்தா பந்தைக் குழிக்குப் பக்கத்துல கொண்டுபோய் வெச்சுருவேன். நாப்பது கெஜம்னாத்தான் கையெல்லாம் வேத்துருது,” என்றார் வெள்ளியங்கிரி.

குன்னூரில் தேயிலைத் தொழிற்சாலை நடத்துபவர் அவர். ஊட்டி கோல்ஃப் மைதானத்தில் கடைசிக் குழிக்கு முன்னால் ஓர் ஓடை ஓடுகிறது. அவருடைய பந்துகளில் பாதி அதற்குள்தான் குடியிருக்கின்றன.

கேட்டுக்கொண்டிருந்த ஃப்ளோரா அங்கே பயிற்சி கொடுப்பவர். வெள்ளியங்கிரியைவிடப் பத்து வயது சின்னவர். வார்த்தைகளைப் பார்த்துப் பார்த்துத்தான் செலவழிப்பார்.

“அடிங்க சார்,” என்றார்.

வெள்ளியங்கிரி பையிலிருந்து வெட்ஜ் மட்டையை எடுத்தார். கிட்டத்தில் இருக்கும் கொடிக்குப் பந்தைத் தூக்கிப் போடுவதற்கென்றே செய்த மட்டை. ஆளுக்கொரு யோசனை சொல்லச் சொல்ல, அந்த ஜாதியில் நாலு வாங்கி வைத்திருந்தார்.

மட்டை தோளுக்கு மேலே, வானம் வரைக்கும் போனது. இறங்கும்போது, ஐயோ அதிகமாகிவிடுமே என்ற பயம் வந்தது. பந்துக்குக் கிட்டே வந்து கை தயங்கியது. வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதைதான். பந்து தத்தித் தத்திப் போய் ஓடையில் விழுந்தது.

“மட்டையை மாத்திப் பாக்கட்டுங்களா?”

மரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்த துரைசாமியைக் கை காட்டினார் ஃப்ளோரா.

துரைசாமி இந்த மைதானத்து அணிக்குத் தலைவர். வெள்ளியங்கிரியின் மனைவிக்கு அண்ணன். ஞாயிற்றுக்கிழமை கோப்பைப் போட்டி. அணியில் ஓர் இடம்தான் பாக்கி. ஓடையில் பந்தை விடுகிற ஆள் எதற்கு என்று துரைசாமி நினைப்பது ஊருக்கே தெரியும். அந்த இடத்துக்காக வெள்ளியங்கிரி தூக்கத்தில்கூடக் கையை வீசுகிறார் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

“போய் இடம் கேட்டுட்டு வாங்க.”

வெள்ளியங்கிரிக்குக் கோபம் வந்தது. மட்டை வீசக் கற்றுக்கொள்ள வந்தால் மச்சானிடம் கெஞ்ச அனுப்புகிறாரே. ஆனாலும் போனார்.

இரண்டு வீட்டுக்கும் தாத்தா காலத்திலிருந்து இருக்கும் சம்பந்தத்தில் ஆரம்பித்தார். இந்த மைதானத்தில் தான் முதன்முதலாக ஆடிய மழைநாளைச் சொன்னார். விளையாட்டு என்றால் நாலு பேருக்கும் வாய்ப்பு வேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை என்ற சொல் வந்ததும் பேச்சு தயங்கியது.

“அன்னைக்கு வந்து... வெயில் அடிக்குமுங்களா மச்சான்?” என்று கேட்டு முடித்தார்.

அடிக்கும் என்று சொல்லிவிட்டு துரைசாமி டீயைக் குடித்தார்.

“கேட்டீங்களா சார்?” என்றார் ஃப்ளோரா.

“கேக்கத்தானுங்க போனேன்.”

“எங்க நின்னுச்சு?”

“எல்லாம் நல்லாத்தான் போச்சு. கிட்ட வந்து...”

வெள்ளியங்கிரி பேச்சை விட்டுவிட்டு ஓடையைப் பார்த்தார். கையிலிருந்த மட்டையைப் பார்த்தார். வெட்கமாக இருந்தது. பின்னாலேயே சிரிப்பும் வந்தது.

மறுபடியும் மரத்தடிக்குப் போனார்.

“மச்சான், ஞாயித்துக்கிழமை நான் ஆடறேனுங்க.”

துரைசாமி டம்ளரைக் கீழே வைத்தார். “ஓடையைத் தாண்டுமுங்களா மாப்பிள்ளை?”

வெள்ளியங்கிரி திரும்பி வந்து பந்தை வைத்தார். மட்டை இடுப்பு வரைக்கும் போனது, அவ்வளவுதான். வரும்போது எங்கேயும் நிற்கவில்லை.

ஃப்ளோரா மட்டையில் பந்து பட்ட சத்தத்தை மட்டும் கேட்டார். பந்து எங்கே விழுகிறது என்று பார்க்காமல் தன் பையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

மரத்தடியிலிருந்து துரைசாமியின் குரல் வந்தது.

“அன்னைக்கு வெயில் அடிக்கும் மாப்பிள்ளை. தொப்பி கொண்டு வந்துருங்க.”