ஆசிரியர் பெயரைச் சொல்லாதவர்

“இதை உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?” என்று கேட்டார் நெகேமியா.

“ஒருவர்,” என்றார் ஆசிரியர் ஒபதியா.

“அவருக்குப் பெயர் இல்லையா?”

ஒபதியா பக்கத்தைப் புரட்டினார். “அடுத்த பகுதியைப் படியுங்கள்.”

நெகேமியா படிக்கவில்லை.

அவருக்கு வயது அறுபத்தொன்று. ஆசிரியரைவிட ஏழு வயது மூத்தவர். ஹைஃபா துறைமுகத்தில் முப்பது வருடம் சுங்க அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பெட்டியைத் திறக்கச் சொல்வதற்கு முன் பெட்டிக்காரனின் முகத்தைப் பார்ப்பவர்.

அந்த வருடம்தான் அவருடைய தந்தை இறந்திருந்தார். இறந்தவர் பெயரில் ஒரு வருடம் மறைநூல் சட்டங்களைப் படிப்பது யூதர்களிடம் உள்ள வழக்கம். படிக்கும் ஒவ்வொரு வரியும் இறந்தவருக்குப் போய்ச் சேரும் என்பார்கள். அதுவரை மறைநூல் பக்கமே போகாத நெகேமியா, அதற்காகத்தான் மலைச்சரிவில் இருந்த அந்தப் பாடசாலைக்கு வந்தார்.

அங்கே நான்கு ஆசிரியர்கள்.

ஒருவர் ஏமனில் இறைச்சி வெட்டியவர். ஒருவர் இயற்பியல் பேராசிரியர். மறைநூலைத் தொட்டதே நாற்பது வயதில்தான். மூன்றாமவர் அர்ஜென்டினாவில் கால்பந்து கோல்கீப்பர். இடது கையில் இரண்டு விரல்கள் மடங்காது.

மூவரும் பாடத்தைத் தொடங்கும்போதே, “இதை எனக்குச் சொன்னவர் இன்னார்” என்று தங்கள் ஆசிரியரின் பெயரைச் சொல்வார்கள். சொன்னவர் பெயரோடு சொல்வது அந்தப் படிப்பின் மரியாதை.

ஒபதியா மட்டும், “ஒருவர் சொன்னார்” என்பார்.

நான்கு பேரில் அவர்தான் மிக நன்றாக நடத்துவார். நெகேமியாவுக்கு அதுவே உறுத்தியது.

பாடசாலையை நடத்தியவர் திர்சா என்ற பெண்மணி. நெகேமியா அவரிடம் போனார்.

“ஒபதியாவிடம் சான்றிதழ் இருக்கிறதா?”

“இல்லை.”

“பிறகு எப்படி வேலைக்கு எடுத்தீர்கள்?”

“ஒரு பக்கத்தைக் கொடுத்து விளக்கச் சொன்னேன். விளக்கினார். மற்ற மூவரிடமும் அதைத்தான் கேட்டேன்.”

“எங்கே படித்தார் என்று கேட்கவில்லையா?”

“கேட்டேன். ஒரு சமையலறையில் என்றார்.”

“அதை அப்படியே விட்டுவிட்டீர்களா?”

திர்சா கண்ணாடியைக் கழற்றினார். “உங்களுக்கு என்ன சந்தேகம்?”

“என்னவென்று தெரியவில்லை. ஆனால் இருக்கிறது. நான் என் அப்பா பெயரில் படிக்கிறேன். எங்கிருந்து வந்தது என்று தெரியாத சரக்கை அவருக்கு அனுப்ப முடியாது.”

“எழுதிக் கொடுங்கள். வியாழக்கிழமை பாடசாலையின் நிர்வாகக் குழு கூடுகிறது. ஆனால் ஒன்று. எழுதுவதை அவரிடம் காட்டிவிட்டுத்தான் குழுவுக்குக் கொண்டுபோவேன்.”

நெகேமியா அன்றே எழுதினார். மொத்தம் ஏழு குறிப்புகள். சொந்த ஊரைச் சொல்வதில்லை. புகைப்படம் எடுக்க விடுவதில்லை. புது ஆள் வகுப்புக்கு வந்தால் குரலைத் தாழ்த்துகிறார். இப்படி.

மறுநாள் பாடத்துக்குப் போனபோது அந்தக் கடிதம் மேசைமேல் விரித்துக் கிடந்தது. ஒபதியா கையில் ஒரு பென்சில்.

“நான்காவதில் தவறு இருக்கிறது,” என்றார் ஒபதியா. “கதவுக்கு முதுகு காட்டி உட்காருகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். கதவைப் பார்த்துத்தான் உட்காருவேன். திருத்திவிட்டேன்.”

நெகேமியாவுக்கு முகம் சிவந்தது. “கேலி செய்கிறீர்களா?”

“இல்லை. எட்டாவதை விட்டுவிட்டீர்கள். அதையும் நானே எழுதிவிட்டேன்.”

நெகேமியா கடிதத்தை எடுத்தார். ஏழாவது குறிப்புக்குக் கீழே, வேறு கையெழுத்தில் ஒரு வரி.

‘இவர் தன் ஆசிரியரைப் போலீசுக்குக் காட்டிக்கொடுத்தவர்.’

நெகேமியா அதை இரண்டு முறை படித்தார். பிறகு உட்கார்ந்தார்.

“சொல்லுங்கள்.”

“சோவியத் நாட்டில், வடக்கே ஒரு நகரம். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. அங்கே எபிரேய மொழியோ மறைநூலோ கற்பித்தால் சிறை. ஒருவர் தன் வீட்டுச் சமையலறையில் ரகசியமாகக் கற்பித்தார். நாங்கள் ஆறு பேர். ஐந்து பேர் மாணவர்கள்.”

“ஆறாவது?”

“ரகசியப் போலீஸ் அனுப்பிய ஆள். நான்.”

“நீங்கள் யூதர்தானே?”

“அதனால்தான் அந்த வேலைக்கு என்னைப் பிடித்தார்கள். வாராவாரம் அறிக்கை கொடுக்க வேண்டும். பாடம் புரிந்தால்தானே அறிக்கை எழுத முடியும்? அதனால் படித்தேன்.”

“எதற்காக ஒத்துக்கொண்டீர்கள்? அடித்தார்களா?”

“இல்லை. பல்கலைக்கழகத்தில் என் இடம் போய்விடும் என்றார்கள்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

“அவர் என்ன ஆனார்?”

“ஆறு வருடம் கட்டாய உழைப்பு முகாமில் போட்டார்கள். சாட்சியமாக வைத்தது என் அறிக்கைகளைத்தான்.”

வெளியே யாரோ நாற்காலியை இழுத்தார்கள். ஒபதியா கதவைப் பார்த்தார். சத்தம் நின்ற பிறகுதான் திரும்பினார்.

“அதனால்தான் அவர் பெயரைச் சொல்வதில்லையா?”

“ஒரு முறை அந்தப் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன். அதன் பிறகு அது என் வாயில் வருவதில்லை.”

நெகேமியா நம்பவில்லை. துறைமுகத்தில் இப்படி எத்தனை பேரைப் பார்த்திருக்கிறார். ஒரு பாட்டிலைத் தானாகவே எடுத்து மேசைமேல் வைப்பான். பெட்டியின் அடியில் வேறு எதையோ வைத்திருப்பான்.

“அவர் உயிரோடு இருக்கிறாரா?”

ஒபதியா கடிதத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் ஒரு பெயரையும் முகவரியையும் எழுதினார்.

கெர்ஷோன். பீர்ஷேபாவில், ஒரு மூன்றாவது மாடி.

மறுநாள் காலை முதல் ரயிலில் நெகேமியா கிளம்பினார்.

கதவு ஒரு சாண்தான் திறந்தது. சங்கிலிக்குப் பின்னால் எண்பது வயதைத் தாண்டிய ஒரு முகம்.

“யார் அனுப்பினார்கள்?”

“யாரும் அனுப்பவில்லை. நானாக வந்தேன்.”

“எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.”

“ஒபதியாவைப் பற்றிக் கேட்க வேண்டும்.”

கதவு மூடிக்கொண்டது. பிறகு சங்கிலி விழுந்தது.

கெர்ஷோன் அவரைச் சமையலறையிலேயே உட்கார வைத்தார். தட்டில் பாதி நறுக்கிய வெள்ளரிக்காய் இருந்தது. பேசிக்கொண்டே மீதியை நறுக்கினார்.

“அவர் உங்களைக் காட்டிக்கொடுத்தது உண்மையா?”

“உண்மை.”

“உங்களுக்கு எப்போது தெரிந்தது?”

“இரண்டாவது வாரமே.”

நெகேமியா நிமிர்ந்தார். “எப்படி?”

“மற்ற ஐந்து பேரும் புரியாவிட்டாலும் தலையாட்டினார்கள். அவன் மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டான். அறிக்கையைத் தப்பாக எழுதினால் மேலதிகாரி திட்டுவான் அல்லவா?”

“தெரிந்தும் ஏன் விரட்டவில்லை?”

“விரட்டினால் வேறொருவனை அனுப்புவார்கள். அவன் இவ்வளவு நன்றாகப் படிப்பான் என்று என்ன நிச்சயம்?”

“அப்படியானால் உங்களுக்கு அவர்மேல் கோபம் இல்லை.”

கெர்ஷோன் கத்தியைக் கீழே வைத்தார்.

“முகாமில் நான்காவது வருடம் என் மனைவி இறந்தாள். தந்தி எனக்கு ஒன்பது நாள் கழித்து வந்தது. கோபம் இல்லை என்று யார் சொன்னது?”

நெகேமியா தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, தான் எதற்காகப் படிக்கிறார் என்பதைச் சொன்னார். தந்தையைப் பற்றியும் துறைமுகத்தில் பார்த்த வேலையைப் பற்றியும் சொன்னார்.

“இப்படிப்பட்டவர் வாயிலிருந்து வரும் பாடம் என் அப்பாவுக்குப் போய்ச் சேருமா?”

“அது எனக்குத் தெரியாது. பாடம் சரியா என்று வேண்டுமானால் பார்க்கலாம். கடைசியாக நடத்தியதைச் சொல்லுங்கள்.”

நெகேமியா சொன்னார். தட்டுத் தடுமாறித்தான் சொன்னார். கெர்ஷோன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஓரிடத்தில் அவர் புருவம் உயர்ந்தது.

“அந்த இடத்தைத் திரும்பச் சொல்லுங்கள்.”

சொன்னார்.

“அன்றைக்கு நான் அதைத் தவறாக நடத்தினேன்,” என்றார் கெர்ஷோன். “முகாமில் படுத்திருக்கும்போதுதான் அது எனக்கே உறைத்தது. அவன் திருத்தியிருக்கிறான்.”

எழுந்து போய்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினார். துடைக்க வெகுநேரம் ஆயிற்று.

“அவர் உங்களிடம் மன்னிப்புக் கேட்டாரா?”

“இந்த நாட்டுக்கு வந்ததும் வந்தான். கதவைச் சாத்தினேன். மறு வருடம் வந்தான். அப்போதும் சாத்தினேன். ஆனால் கதவுக்குப் பின்னாலேயே நின்றேன், அவன் படியிறங்கும் சத்தம் கேட்கிற வரைக்கும்.”

“அப்புறம்?”

“சட்டம் உங்களுக்குத் தெரியுமே. தீங்கு செய்தவன் மூன்று முறை நேரில் வந்து கேட்க வேண்டும். மூன்றாவது முறையும் மறுத்தால் பாவம் மறுத்தவனுக்கு. ஒன்பது வருடம் ஆகிவிட்டது. படியில் யாராவது ஏறினால் அடுப்பை அணைத்துவிட்டுக் காத்திருக்கிறேன். ஏறுகிறவர்கள் நான்காவது மாடிக்குப் போய்விடுகிறார்கள்.”

“ஏன் வரவில்லை அவர்?”

“முப்பது வருடம் ஆட்களைச் சோதித்தவர் நீங்கள்,” என்றார் கெர்ஷோன். “நீங்கள் சொல்லுங்கள்.”

திரும்பி வரும் ரயிலிலும் நெகேமியா அதையே யோசித்துக்கொண்டு வந்தார்.

வியாழக்கிழமை குழு கூடியது. திர்சாவும் வேறு இருவரும் மேசைக்கு அந்தப் பக்கம். ஒபதியா சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். கடிதத்தை எல்லோரும் படித்திருந்தார்கள்.

“இப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டு எப்படிப் பாடசாலை நடத்துவது?” என்றார் குழுவில் ஒருவர்.

திர்சா நெகேமியாவிடம் திரும்பினார். “நீங்கள் போய் விசாரித்தீர்களாமே. என்ன தெரிந்தது?”

“முதல் ஏழும் என் சந்தேகம். கிழித்துவிடலாம். எட்டாவது உண்மை.”

“அதற்கு நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்கிறீர்கள்?”

“ஞாயிற்றுக்கிழமை அவருக்கு விடுப்புக் கொடுங்கள். பீர்ஷேபாவுக்குப் போக வேண்டும். நானும் கூடப் போகிறேன்.”

ஒபதியா சட்டென்று எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

“அவரைப் போய்ப் பார்த்தீர்களா?”

“பார்த்தேன். அவர் சமையலறையில் உட்கார்ந்து உங்கள் பாடத்தை ஒப்பித்தேன்.”



“வேண்டாம்,” என்றார் ஒபதியா. “என்னை வேலையிலிருந்து நீக்கிவிடுங்கள். அங்கே மட்டும் கூப்பிடாதீர்கள். அவர் மன்னிக்க மாட்டார்.”

நெகேமியா அவர் முகத்தைப் பார்த்தார். மூன்று நாளாகத் தேடியது அங்கேதான் இருந்தது.

“அந்தப் பயம் மட்டும்தான் என்றால்,” என்றார் நெகேமியா, “ஒன்பது வருடத்துக்கு முன்பே மூன்றாவது தடவையும் போயிருப்பீர்கள். அவர் மன்னித்துவிடுவார் என்றுதான் பயப்படுகிறீர்கள்.”