கடைசி இலைக் காடு

நெடுவரை நாட்டு அரசன் சேந்தவர்மனுக்கு எதைப் பார்த்தாலும் அளந்துவிட வேண்டும். அது ஒரு வியாதி. காவல்காரர்களின் மீசையை அளந்தான். கோயில் யானையின் வாலை அளந்தான். அளக்க வேறொன்றும் அகப்படாத ஒரு பங்குனி மாதத்தில், "நம் நாட்டுக் காடுகளை அளந்தால் என்ன?" என்று தோன்றிவிட்டது. தோன்றினால் விடுவானா?

ஒவ்வொரு காட்டுக் காவலனும் தன் காட்டின் ஆக உயரமான மரத்தைக் கயிற்றால் அளந்து, அந்தக் கயிற்றோடு அரண்மனைக்கு வர வேண்டும் என்று ஓலை போனது.

வந்தார்கள். மேற்கு மலைக் காவலனின் கயிறு மாட்டு வண்டியில் வந்தது, அடேயப்பா! அட்டை கடித்த காலைச் சொறிந்துகொண்டே, "வெயில் தரையில் விழாத காடு அரசே, வருஷம் பூராவும் பச்சை" என்றான். மலையடிவாரத்துத் தேக்குக் காட்டுக்காரன் கயிற்றைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்தான். "இப்போது இலை உதிர்ந்து மொட்டையாக நிற்கிறது. மழை விழுந்தால் துளிர்த்துவிடும்" என்றான். கழிமுகத்துச் சதுப்புக் காட்டுக்காரன் முழங்கால் சேறோடு நின்று, உப்புத் தண்ணீரில் வேரை ஊன்றிக்கொண்டு நிற்கும் மரங்களைப் பற்றிச் சொன்னான். அரசன் வாயைப் பிளந்து கேட்டான்.

கடைசியாகக் கிழக்குச் சீமையின் காவலன் வீரணன் வந்தான். கையை வீசிக்கொண்டு வந்தான்.

"கயிறு எங்கே?"

வீரணன் இடுப்பு மடியை அவிழ்த்து எடுத்துக் காட்டினான். இரண்டு ஆள் உயரம்கூட இல்லை. சபையே சிரித்தது.

"முள்ளுக்காடு சாமி. மழை கம்மி. உடைமரமும் இலந்தையும் இம்புட்டுத்தான் வளரும்."

"பொய்!" என்று எழுந்தார் அமைச்சர் மங்கலநாதர். காடுகளுக்கெல்லாம் அவர்தான் மேலதிகாரி. அவருடைய மச்சான் ஒருவன் வேலை வெட்டி இல்லாமல் அவர் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டிருந்தான். "மேகம் எல்லாருக்கும் ஒன்றுதானே? மேற்குக் கடலில் கிளம்பி நாடு முழுக்கத்தானே வருகிறது? இவன் தூங்குகிறான் அரசே. இவனைத் துரத்திவிட்டு என் மச்சானை வையுங்கள். முள்ளையெல்லாம் கொளுத்திவிட்டு மலை மரங்களை நட்டுக் காட்டுவான்."

அரசனுக்கு நியாயமாகப் பட்டது. "நாளைப் பொழுது சாய்வதற்குள் வீரணன் குடும்பத்தோடு எல்லையைத் தாண்ட வேண்டும்" என்றான்.

வீரணன் ஆடிப்போனான். "கொளுத்தாதீங்க சாமி. மயிலும் முயலும் எங்க ஆடுகளும் அதை நம்பித்தான் கிடக்கு" என்றான். யார் காதிலும் விழவில்லை.

ஒருவன் காதில் விழுந்தது. பிச்சாடனன், சபையில் பகடி பேசியே பேர் வாங்கியவன். அவன் முன்னால் வந்து கும்பிட்டான்.

"அமைச்சர் எவ்வளவு அழகாகச் சொன்னார்! இதற்காகவே நாளை மத்தியானம் என் வீட்டில் அவருக்கு விருந்து. அரசரும் சபையும் வர வேண்டும். வீரணன் சாப்பிட்டுவிட்டுப் போகட்டுமே."

விருந்து என்றதும் மங்கலநாதர் காலைப் பலகாரத்தைத் தொடவே இல்லை. வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு வந்தார்.

நாற்பது இலை, ஒரே பந்தி. மேற்குக் கோடியில் அரசன். "உங்களுக்கு வியர்க்குமே, கிழக்கு ஜன்னலோரம் காற்று வரும்" என்று அமைச்சரைக் கடைசி இலையில் உட்காரவைத்தான் பிச்சாடனன். "ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் ஒரே வாளி. எல்லாருக்கும் பொது" என்று அறிவித்தான்.

பரிமாறுகிறவர்கள் மேற்கிலிருந்து கிளம்பினார்கள். அரசன் இலையில் அவியல் மலை மாதிரி குவிந்தது. "போதும், போதும்" என்று அவன் கையை நீட்டி மறிக்க வேண்டியிருந்தது. நடு இலைகளுக்கு அளவாக விழுந்தது. அமைச்சரிடம் வந்தபோது வாளியில் கரண்டி தட்டும் சத்தம்தான் கேட்டது. பருப்பும் அப்படி. சாம்பாரும் அப்படி. சோற்றில் நாலு பருக்கை. பாயசத்தில் வாசனை மட்டும். உருப்படியாக வந்து சேர்ந்தது ஓர் அப்பளம்.

பிச்சாடனன் பக்கத்தில் போய்க் குனிந்தான். "அமைச்சரே, அந்த அப்பளத்தில் ஒரு விள்ளல்..."

மங்கலநாதர் இரண்டு முழங்கையையும் அகட்டி இலையின்மேல் கவிழ்ந்துகொண்டார். "தொட்டுப் பார்! கையை ஒடித்துவிடுவேன்!"

பந்தியே திரும்பிப் பார்த்தது. "என்ன அமைச்சரே, இன்னும் எழுந்து ஏப்பம் விடவில்லையா?" என்றான் அரசன்.

"எப்படி விடுவேன்? எல்லா வாளியும் உங்கள் பக்கமே காலியாகிவிடுகிறதே!"

"வாளி எல்லாருக்கும் ஒன்றுதானே? மேற்கில் கிளம்பிக் கடைசி வரை வந்ததே!" என்றான் பிச்சாடனன்.

அரசனின் கை பாயசத்தோடு அப்படியே நின்றது. முதலில் வாசலோரம் நின்ற வீரணனைப் பார்த்தான். பிறகு தன் இலையைப் பார்த்தான்.

"மேகமும் மலையில்தான் அரசே முதலில் கொட்டுகிறது" என்றான் பிச்சாடனன். "கிழக்கே வரும்போது அடிவண்டல்தான் மிச்சம். கிடைத்த நாலு இலையை ஆடு மொத்தமாகத் தின்றுவிடாமல் மரம் முள்ளை வைத்துக் காப்பாற்ற வேண்டாமா? பாருங்கள், ஒரு வேளைப் பந்திக்கே நம் அமைச்சருக்கு முள் முளைத்துவிட்டது. அந்தக் காடு பிறந்ததிலிருந்து கடைசி இலையில் உட்கார்ந்திருக்கிறது!"

அரசன் சிரித்த சிரிப்பில் பாயசம் மூக்கில் ஏறிவிட்டது. இருமி முடித்து, "வீரணா, காடும் உன்னுடையது, காவலும் உன்னுடையது. நான்தான் அளக்கத் தெரியாமல் அளந்துவிட்டேன்" என்றான். தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் பிச்சாடனனுக்குப் போட்டான்.

வீரணன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிச்சாடனன் உள்ளே ஒளித்துவைத்திருந்த இன்னோர் அண்டாப் பாயசத்தை வரவழைத்தான். கிழக்குக் கோடியில், அமைச்சருக்கும் அந்தப் பக்கம் வீரணனுக்கு ஓர் இலை போட்டு, "இந்தத் தடவை இங்கிருந்து ஆரம்பியுங்கள்" என்றான்.

வீரணன் இலை நிறைந்தது. வாளி அடுத்த இலைக்கு வந்து நின்றது. மங்கலநாதர் இன்னும் அப்பளத்தின்மேல் கவிழ்ந்தபடியே இருந்தார்.

"முழங்கையை மடக்குங்கள் அமைச்சரே" என்றான் பிச்சாடனன். "மழை வந்துவிட்டது."